மூன்றின் வாய்

இருபத்தாறு மணி நேரமாக நான், அச்சு இயந்திரம் ஓட்டும் மெஷின் அண்ணனின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

நேற்றுக் காலை ஒன்பதரைக்குச் செடி உரம் தயாரிப்பவர் கருகிய நாற்றுத் தட்டோடு எங்கள் அச்சகத்துக்கு வந்தார். "ஒரு வாளித் தண்ணிக்கு மூணு மூடின்னு எழுதிக் கொடுத்தேன். வாங்கினவங்க எல்லாம் எட்டு ஊத்தியிருக்காங்க!"

லேபிளைப் பார்த்தோம். எட்டுதான். கணினியில் பெரிதாக்கிப் பார்த்தோம். தெளிவான மூன்று.

"மையை அள்ளிக் கொட்டினா மூணு எட்டாத்தான் ஆகும்" என்று அண்ணனிடம் சீறினார் முதலாளி. "நாளைக்குச் சாவியைக் கொடுத்துட்டுக் கிளம்பு."

"எப்பவும் விடுற மைதான், முதலாளி" என்றார் அண்ணன்.

அந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தது நான். தடித்த எழுத்து. ஒவ்வொரு கோடும் நடுவில் ஒடுங்கி முனையில் விரியும். தனியாகக் கால் ஒட்டவைத்த மாதிரி இருக்காது; கோடே அகன்றுபோய் நிற்கும். அண்ணன் அதற்குக் 'குண்டுப் பாவாடை' என்று பெயர் வைத்திருந்தார். புட்டியின் மேல் உரத்தின் பெயரை அதில் வைத்தபோது தெருவின் அந்தப் பக்கத்திலிருந்தே படிக்க முடிந்தது.

"யார் வேலை இது? நீயா? பரவாயில்லையே!" என்றார் முதலாளி. இரண்டு வருடத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை. அந்தக் குஷியில் அளவு வரியையும் அதே எழுத்தில் வைத்தேன். பெரிதாக இருக்கும்போது அழகாக விரியும் முனைகள், சிறிதானால் ஒன்றையொன்று தொடும். மூன்றின் வாய் மூடிக்கொள்ளும். நான் இயற்பியல் படித்தவள். கால் மில்லிமீட்டர் இடைவெளியில் மை என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியாததல்ல.

இன்று பதினொன்றரைக்கு அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"என்ன தங்கச்சி, குண்டுப் பாவாடை என்னை இடிச்சே வெளிய தள்ளிட்டா, பாத்தியா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அட, நீ எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போடுற? எழுத்து நல்ல எழுத்து. என் கைதான் எங்கயோ பிசகியிருக்கும்."

அவர் தன் கையையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார்.

முதலாளி சாவிக்குக் கை நீட்டினார். நான் இழுப்பறையைத் திறந்து, லேபிள் அச்சாகும் முன் சரிபார்க்க வந்த புரூஃப் தாளை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தேன். மூன்றைச் சுற்றி, அழித்த பென்சில் வட்டத்தின் தடம். கீழே 'சரி' என்று என் கையெழுத்து.

"என்னம்மா இது?"

"சார், அண்ணன் மேல தப்பில்ல." பென்சில் தடத்தின் மேல் விரலை வைத்தேன். "புரூஃப்லயே எட்டு மாதிரிதான் இருந்துச்சு. நான் பார்த்தேன். வட்டம் போட்டேன். நீங்க பாராட்டின எழுத்தை மாத்த மனசு வராம, நானே அழிச்சுட்டேன்."