லூயிஸ் தனக்கே பாடிக்கொண்ட பாட்டு

லூயிஸின் குரல்வளையை எடுத்தே ஆகவேண்டும் என்று டாக்டரம்மா சொன்னபோது, ஃப்ளோரன்ஸ் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "இன்னும் எத்தினி நாள்மா கீது?" புருஷன் உயிரைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்ட அந்தம்மா, ஆபரேஷன் செய்துவிட்டால் நன்றாக இருப்பார், தைரியமாக இருங்கள் என்றார். ஃப்ளோரன்ஸ் கேட்டது குரலைப் பற்றி. அதற்குப் பன்னிரண்டு நாள் பாக்கி இருந்தது.

காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் பாளம் உடைக்கிற வேலை லூயிஸுக்கு. ஆனால் ராயபுரத்தில் யாரும் அவனை ஐஸ்காரன் என்று சொல்லமாட்டார்கள். சாவு வீட்டுக் கானா என்றால் லூயிஸ், அவ்வளவுதான். கிறிஸ்தவ வீடா, இந்து வீடா என்று பார்க்கமாட்டான். பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, செத்தவன் பேர் என்ன, எந்தக் கடையில் டீ குடிப்பான், யாரோடு சண்டை போட்டுப் பேசாமல் இருந்தான் என்று நாலு பேரிடம் கேட்டுக்கொள்வான். அரைமணி நேரத்தில் அத்தனையும் பாட்டாகிவிடும். சண்டை போட்டவனே ஓடிவந்து காலைப் பிடித்துக்கொண்டு அழுவான். மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு அவன் பாடி அனுப்பிய பிணங்களுக்குக் கணக்கே இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் சொன்னான். "ஊருக்கே பாடிட்டேன். நான் பூட்டா எனுக்கு யாரு பாடுவா? நானே பாடி வெச்சுட்டுப் போறேன். நீ எடுத்து வையி."

மணலி புதுநகரில் அப்துல் வஹாப் ஸ்டுடியோ வைத்திருக்கிறானே, அங்கே போகலாமே என்றாள். லூயிஸுக்குக் கோபம் வந்துவிட்டது.

"உசுரோட கீறவன் தனக்கே சாவுப்பாட்டு பாடிக்கினான்னா ஊரு இன்னா பேசும்? அந்தப் பாட்டை என் பொணத்துக்கு முன்னாடிதான் ஊரு மொத தபா கேக்கணும். அதுவரிக்கும் உன் காது, என் காது, அவ்ளோதான். உன் போன்ல கூட வெச்சுக்காத."

அவன் வீம்பு தெரிந்ததுதான். கழுத்தில் கட்டியோடு இருக்கிறவனிடம் மல்லுக்கு நிற்க அவளுக்கு மனசு வரவில்லை. நின்றிருக்கலாம். இப்போது சொல்லி என்ன பிரயோஜனம்.

எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடையில் பதினாலு வருஷமாக நைட்டி மடித்துக்கொண்டிருந்தவள் ரெக்கார்டிங் கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள். சாப்பாட்டு வேளையில் ஒரு கையில் சோறு, ஒரு கையில் போன், காதில் எவனோ ஒரு பையன் பேசும் வீடியோ. ரிச்சி தெருவில் ஒரு மைக் வாங்கினாள். மகள் மகிமா கட்டிக்கொண்டு மாத்தூருக்குப் போனபோது விட்டுப்போன கவர்மென்ட் லேப்டாப் பீரோ மேல் கிடந்தது. அதைத் துடைத்து எடுத்தாள். கட்டிலை நிமிர்த்தி வைத்து, கம்பளியும் போர்வையும் தொங்கவிட்டு, நடுவில் ஸ்டூல் போட்டாள். "ப" வரும் இடத்திலெல்லாம் மைக் டப்பு டப்பென்று அடித்தது. அதற்குப் பழைய சாக்ஸை ஒரு வளையத்தில் இழுத்துக் கட்டினாள். ஃபேனை நிறுத்தினார்கள். இரண்டு பேரும் வேர்வையில் குளித்தார்கள்.

முதல் நாள் எடுத்ததைப் போட்டுக் கேட்டபோது அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாட்டு முழுக்க லாரி. வாசலை ஒட்டின ரோட்டில் ஹார்பருக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ராப்பகலாக வரிசை கட்டி நிற்கும். இருபது வருஷமாக அந்தச் சத்தம் இரண்டு பேர் காதிலும் விழுந்ததில்லை. மைக்குக்கு அப்படி எந்தப் பழக்கமும் இல்லை. எல்லாவற்றையும் அப்படியே வாங்கி வைத்திருந்தது.

ஒன்பது நாள் எடுத்தார்கள், ஒன்றும் தேறவில்லை. தொண்டை கட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் இருமல் வரும், இல்லாவிட்டால் அவள் பட்டனை அழுத்த மறந்திருப்பாள். பத்தாவது நாள் லூயிஸ் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஒரே மூச்சில் பாடினான். ஐஸில் மரத்துப்போன விரலைப் பாடினான். அண்ணன்காரன் பூட்டிவைத்த வீட்டிலிருந்து தன்னைக் கட்டிக்கொள்ள ஒற்றைச் செருப்போடு ஓடிவந்த ஒருத்தியைப் பாடினான். இவ்வளவு வருஷத்தில் அதை அவன் ஒரு வார்த்தை பேசினதில்லை. கம்பளிக்கு இந்தப் பக்கம் ஃப்ளோரன்ஸ் அழுகைச் சத்தம் மைக்கில் விழக்கூடாது என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அந்தக் குரலில் உயிர் இருந்தது. பின்னாலேயே சனியன் பிடித்த லாரியும் இருந்தது.

ஆபரேஷன் அன்றைக்குக் காலையில் அவனை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ஆகிற நேரம் ஆகும் என்றார்கள். சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று வராந்தாவிலேயே லேப்டாப்பைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டாள். வெறும் இரைச்சல் மட்டும் இருக்கிற ஒரு துண்டைக் கம்ப்யூட்டருக்குக் காட்டிவிட்டால், பாட்டு முழுக்க அந்த இரைச்சலை அதுவே எடுத்துவிடும் என்று வீடியோ பையன் சொல்லிக்கொடுத்திருந்தான். செய்தாள். ஹெட்போனில் கேட்டாள். இன்னும் இரைந்தது. மறுபடியும் செய்தாள். ஸ்ட்ரெச்சர் உருளுகிறது, யாரோ டோக்கன் நம்பர் கத்துகிறார்கள், எதிர் பெஞ்சில் ஒரு குடும்பமே அழுகிறது. அது அத்தனையும் அந்த மெல்லிசு ஹெட்போனுக்குள் புகுந்துகொண்டிருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எல்லாம் லாரிதான் என்று நினைத்து ஏழெட்டுத் தடவை எடுத்தாள். கடைசியில் வராந்தா ஒரு நிமிஷம் அடங்கியபோது இரைச்சல் போய்விட்டது என்று திருப்தியாகி, அதன் மேலேயே சேமித்தாள். இடம் போதவில்லை என்று லேப்டாப் புலம்பியது. கலீஜான பழையதெல்லாம் எதற்கு என்று முந்தின ஒன்பது நாள் எடுத்ததையும் அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி பண்ணினாள். ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அந்த ஒரு நிமிஷம்தான் அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் குளிக்க வீட்டுக்கு வந்தவள் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள். வார்த்தைகளின் வால் எல்லாம் அறுந்திருந்தது. கிணற்றுக்குள்ளிருந்து தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி ஒன்று வந்தது. யார் குரல் என்று சொல்லமுடியாது. ஆம்பிளையா பொம்பிளையா என்றுகூடச் சொல்லமுடியாது.

கொடுத்த வாக்கும் போயிற்று. லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு மணலி புதுநகருக்கு ஓடினாள். அப்துல் வஹாப் பாதி கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினான்.

"யக்கா, மொத மொத எடுத்தது கீதா?"

"அழிச்சுட்டேன்."

இரண்டு மணி நேரம் என்னென்னவோ போட்டுப் பார்த்தான். அழித்த இடத்தின் மேலேயே புதுசு உட்கார்ந்துவிட்டது, இனிமேல் வராது என்றான். "லாரிய எடுக்கச்சொல்லோ அண்ணன் கொரலும் கூடவே பூட்ச்சுக்கா" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். சாவு வீடுகளில் போனில் பிடித்தவர்களிடம் கேட்டுப் பார்க்கலாமே என்றான். கேட்டாள். கிடைத்த நாலைந்திலும் மேளமும் ஒப்பாரியும்தான் கேட்டது. தவிர, அந்தப் பாட்டு அதிலெல்லாம் எங்கே இருக்கப்போகிறது?

மூன்று வாரம் கழித்து லூயிஸ் வீட்டுக்கு வந்தான். மூச்சு கழுத்தில் போட்ட ஓட்டை வழியாகப் போய் வந்தது. பேச்சுக்கு ஒரு நோட்டும் பேனாவும். தினமும் எழுதிக் காட்டினான், பாட்டு ஆச்சா என்று. "மிக்ஸிங் பண்ணிகினு கீறேன்யா" என்று தினமும் புளுகினாள். அப்படிப் புளுகும்போது அவன் சந்தோஷமாகத் தலையாட்டுவான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். லூயிஸ் லேப்டாப்பைத் திறந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தடுக்கவும் வழியில்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் முழுசாகக் கேட்டான். முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து போட்டுக் கேட்டான்.

"நான்தான்யா கெடுத்துட்டேன்" என்றாள். "லாரி சத்தத்தை எடுக்கறேன்னுட்டு எல்லாத்தையும் எடுத்துட்டேன். வேற எதுவும் இல்ல. எல்லாம் பூட்ச்சு." சொல்லிவிட்டு அவன் முட்டியில் தலையை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

லூயிஸ் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தான். முகத்தில் கோபமே இல்லை. நோட்டை இழுத்து வேகமாக எழுதி அவள் பக்கம் நீட்டினான்.

"அழுவாத. இதுக்குப் போயி. இன்னொரு தபா பாடிட்டாப் போச்சு."

ஃப்ளோரன்ஸ் படித்தாள். அவன் முகத்தையே பார்த்தாள். இவள் ஏன் இப்படிப் பார்க்கிறாள் என்று லூயிஸுக்கு விளங்கவில்லை. நோட்டைத் தன் பக்கம் திருப்பி, எழுதினதைத் தானே ஒரு தடவை படித்தான்.