கண்மாய் ராக்: மூன்றாம் மறுபிறப்பு

"உலகத்துல ராக் கச்சேரின்னு ஒழுங்கா நடந்தது ஒரே ஒரு தடவதான். தொண்ணூத்தொம்பதுல, சமயநல்லூர் பக்கம், நம்ம கண்மாய்க்குள்ள. மத்த நாட்டுல நடந்ததெல்லாம் ஒத்திகை."

பழங்காநத்தம் டீக்கடையில் தங்கப்பாண்டி இதைச் சிரிக்காமல் சொன்னான். டீ ஆற்றிக்கொண்டிருந்தவரும் சிரிக்கவில்லை. இருபது வருடமாகக் கேட்கிறார். சிரிக்கிற கட்டத்தை எப்போதோ தாண்டிவிட்டார்.

அவன் கோபமெல்லாம் எதிர்ச்சுவர் போஸ்டர்மேல். 'கண்மாய் ராக்: மாபெரும் மூன்றாம் மறுபிறப்பு. நிறுவனர் சிவபாண்டி.' முதல் மறுபிறப்பு ஒரு கல்யாண மண்டபத்தில் ஏ.சி. போட்டு நடந்தது. இரண்டாவதில் பாட்டுப் போட்டி வைத்துக் குக்கர் பரிசு கொடுத்தார்கள். இப்போது கண்மாயை ஒட்டிய புஞ்சையில் சிவபாண்டி பிளாட் போட்டிருக்கிறான். கச்சேரிக்கு வருகிறவர்களுக்கு மனை பார்க்க வேன் வசதி உண்டு.

தொண்ணூற்றொன்பதில் சிவபாண்டி செய்ததெல்லாம், மாமா கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விடும் ஜெனரேட்டரைக் கொண்டுவந்ததுதான். டீசல் ஊற்ற மறந்ததும் அவனேதான். மூன்றாவது பாட்டில் கரண்ட் போய், கிடார் ஊமையாகி, நாலாயிரம் பேர் செருப்பைக் கையில் எடுத்த நேரத்தில், பாட்டுக்காரன் கருப்பு, மேடை நுனிக்கு வந்து மைக் இல்லாமல் பாடினான். நாற்பது நிமிடம். தங்கப்பாண்டி டிரம்ஸ் அடிக்க, கூட்டம் காய்ந்த கண்மாய் மண்ணைக் காலால் மிதித்துத் தாளம் போட்டது. இன்றுவரை ஊர் பேசுவது அந்த நாற்பது நிமிடத்தைத்தான். போஸ்டரில் தங்கப்பாண்டி பெயர் இருந்தது. கருப்பு பெயர் இல்லை.

காலையிலேயே தங்கப்பாண்டி சிவபாண்டியைப் போனில் பிடித்துக் கேட்டுவிட்டான். "அவன் திருமங்கலத்துல மினி லாரிதான மாப்ள ஓட்டுறான். பிளாட் வாங்க வர்றவங்க முன்னாடி மேடைன்னா ஒரு மதிப்பா இருக்கணும்ல" என்றான் சிவபாண்டி. கருப்பிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை.

"விடு மாப்ள, எடம் பத்தாம போயிருக்கும்" என்றான் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த கருப்பு.

"எடம் பத்தலையா? போஸ்டர்ல அவன் மீசைக்கு மட்டும் ஒண்ணரை அடி ஒதுக்கியிருக்கான்டா! நீ வா. மைக்கப் பிடிச்சு உன் பேரைச் சொல்றேன். நீ மேல ஏறி ஒரு பாட்டுப் பாடுற. நீ பாடாம எவன் கச்சேரி நடத்துறான்னு பாப்போம்."

சாயங்காலம் ஐந்து மணிக்குப் போனார்கள். ஆறரை வரை ஒரு பாட்டுக்கூட இல்லை. மேடையில் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்கள். பத்திரம் எழுதுகிறவருக்கு, பந்தல்காரருக்கு, மனை காட்டக் கூட்டிப்போன வேன் டிரைவருக்கு. கிடார் மாட்டிய கல்லூரிப் பிள்ளைகள் பந்திக்கு இடம் கிடைக்காதவர்கள்போல ஓரமாக நின்றார்கள்.

"ராக் மேடையில பொன்னாடைடா!" தங்கப்பாண்டி மேடையைக் கை காட்டினான். "துண்டக் கண்டதும் எப்பிடிக் கழுத்த நீட்டுறாய்ங்க பாரு. வெட்டப்போற கெடாய்க்குக்கூட தண்ணி தெளிச்சாத்தான் தல ஆடும்."

கருப்பு சிரித்தான். பாட்டில் தண்ணீரை இரண்டு மடக்குக் குடித்து, யாருக்கும் கேட்காமல் தொண்டையைச் செருமிப் பார்த்துக்கொண்டான்.

"அடுத்ததாக, அன்றைய டிரம்ஸ் சக்கரவர்த்தி, அண்ணன் தங்கப்பாண்டி!"

படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறி, நேராக மைக்கைப் பார்த்து நடந்தான். கருப்பு பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சிவபாண்டி குறுக்கே வந்து கட்டிப்பிடித்தான். "நீ இல்லேன்னா இது ஏது மாப்ள" என்று காதில் சொன்னான். கூட்டம் கைதட்டியது. இத்தனை வருடத்தில் யாரும் அவனுக்குக் கைதட்டியதில்லை. ஜரிகைத் துண்டு விரிந்தது. தங்கப்பாண்டி உயரம், சிவபாண்டிக்கு எட்டவில்லை.

தங்கப்பாண்டி லேசாகக் குனிந்தான்.

நிமிர்ந்தபோது மைக் அடுத்த பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

கீழே, மஞ்சள் அடித்த பிளாட் கல்மேல் ஏறி நின்று கருப்பு போனை உயர்த்தினான். "மாப்ள, இங்கிட்டுப் பாரு!"

தங்கப்பாண்டி ஜரிகை வெளியே தெரிகிற மாதிரி துண்டைத் திருத்திக்கொண்டு, அங்கிட்டுப் பார்த்தான்.