பத்து கிராமுக்குள்

மணி பதினொன்றரைக்குத்தான் தராசம்மாவுக்குப் பகீரென்றது. தட்டில் உட்கார்ந்திருந்தது புதுப் பத்து கிராம் எடைக்கல் அல்ல, பழைய அரை அவுன்ஸ். பதினோரு வருஷமாக அஞ்சலகத் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்தே அந்தப் பெயரை வாங்கியவள் அவள். இன்று முதல் எல்லாம் கிராம்தான் என்று போஸ்ட்மாஸ்டர் ஒரு வாரமாகப் பாடம் நடத்தியிருந்தார். பத்து கிராமைத் தாண்டினால் கூடுதல் தலை என்று புதுக் கட்டண அட்டையும் சுவரில் ஏறியாயிற்று. சாயங்காலம் தலைமை அலுவலகத்துக்குப் போகவேண்டிய பழைய கற்கள் மட்டும் மேஜையிலேயே கிடந்தன. காலை நெரிசலில் கை தன் பாட்டுக்கு அரை அவுன்ஸை எடுத்து வைத்துவிட்டது. மூளை எங்கே மேயப் போயிருந்ததோ.

அரை அவுன்ஸ் என்றால் பதினாலு கிராம். பத்துக்கும் பதினாலுக்கும் இடைப்பட்ட கடிதமெல்லாம் குறைந்த தபால்தலையோடு பைக்குள் போய்விட்டது. வாங்குகிறவர் தலையில் இரட்டிப்பாகத் தண்டம் விழும். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிடுவார்கள். காலையில் கனமான உறை ஒன்றைக் கொடுத்துப்போன மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் மகள் கட்டமாட்டாள், கடிதம் திரும்பி வந்துவிடும்.

ஏற்கெனவே அவர் எழுதிய நான்கு கடிதங்கள் உறைகூடக் கிழியாமல் திரும்பியிருந்தன. மனைவி படுக்கையில் விழுந்தபோது, மகள் வெளியூரில் பரீட்சை எழுதி முடிக்கட்டும் என்று மனுஷர் அவளுக்குச் சொல்லாமல் இருந்துவிட்டார். பெண் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இன்று காலை உறையை நீட்டும்போதுகூட, "இதுவாவது திரும்பி வராம இருக்கணும்மா" என்றார். தராசம்மாவும் பெரிய மனுஷி மாதிரி, "வராது சார்" என்று சொல்லிவைத்தாள்.

சும்மா இருந்தால் யாருக்கும் தெரியாது. மூன்று மணிக்குப் பை வண்டி ஏறிவிடும். சொன்னால் மெமோ நிச்சயம். எழுந்து போய்ச் சொன்னாள்.

"ஒரு வாரமா தொண்டத் தண்ணி வத்த கத்தினேனே, சுவத்துக்கா சொன்னேன்?" என்றார் போஸ்ட்மாஸ்டர். ஆனாலும் நல்ல மனுஷர், பையின் அரக்கைத் தானே உடைத்தார். ஏழு கடிதங்கள் அகப்பட்டன. விதிப்படி, அனுப்பியவர்களிடமே கொடுத்து மீதித் தலையை ஒட்டவைக்க வேண்டும். அவள் வாயைத் திறப்பதற்குள் ஏழிலும் 'அனுப்பியவருக்கே திருப்புக' என்று ஊதா முத்திரையைக் குத்திவிட்டார்.

"கண்ணாடிக் கடைக்காரரோடத நானே கொண்டு போறேன் சார்."

"போயிட்டு வாங்க. மெமோ எங்கயும் ஓடிடாது."

கடையில் அவர் ஒரு மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார், ஊதா முத்திரையைப் பார்த்தார். திருகாணி கையிலிருந்து எங்கேயோ உருண்டது.

"அதுக்குள்ளயா?"

"ஐயோ இல்ல சார், இது ஊரையே தாண்டல. தப்பு என்னோடது." ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "மூணு கிராம் கூட இருக்கு. இன்னொரு தலை ஒட்டினா போதும். முத்திரை பட்டதால உறைய மட்டும் மாத்திடலாம், இதுல ஒட்டின தலைக்கு நான் பொறுப்பு."

அவர் உறையைக் கிழித்து மூன்று தாள்களையும் கண்ணாடிப் பெட்டியின் மேல் பரப்பினார். ஒவ்வொன்றின் தலையிலும் எண் போட்டிருந்தது. முதல் தாளை எடுத்து முழுக்கப் படித்தார்.

"மூணு கிராம்னா எத்தன தாள்மா?"

"ஒரு தாள எடுத்தா சரியா இருக்கும். ஆனா எதுக்கு சார் எடுக்கணும், தலைதான்..."

"இதுல பூரா நான் ஏன் சொல்லலங்கிறதுதான் இருக்கு," என்றார். "அவ அம்மாவப் பத்தி ரெண்டாவதுலதான் ஆரம்பிக்கிறேன். கடைசி பத்து நாள். என்ன சாப்பிட்டா, என்ன பேசினா, இவளப் பத்தி என்ன கேட்டா."

தராசம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, புது உறை இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள்.

இழுப்பறையிலிருந்து உறையையும் பேனாவையும் எடுத்தார். முதல் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த தாளின் தலையில் இருந்த இரண்டை அடித்துவிட்டு, பக்கத்தில் ஒன்று என்று எழுதினார்.