மாதங்கி வாயைத் திறக்காத பத்து நிமிடங்கள்

ஆறு மணிக்குள் பதில் அனுப்ப வேண்டும். புனேயில் ஐந்து நாள் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை காலை விமானம். போகிறாளா, இல்லையா? மாதங்கியின் கைப்பேசியில் அந்த மின்னஞ்சல் காலையிலிருந்து திறந்தபடியே இருந்தது. நியூ டவுன் ஆபீஸிலிருந்து பெஹாலா வரைக்கும் வாடகைக் காரில் மழையோடு மல்லுக்கட்டி வந்து சேர்ந்தபோது மணி நாலரை. அவள் இரண்டு இரண்டு படியாகத் தாவி மாடி ஏறினாள். கீழே மிட்டாய்க் கடை, நடுவில் பல் டாக்டர், மூன்றாவது மாடியில் மாதவி நடத்தும் பெற்றோர் பயிற்சி மையம்.

ஒரு பெண்ணுக்கு ஐந்து நாள் வெளியூர் போவது பெரிய காரியமா என்று கேட்பீர்கள். குழந்தைக்கு அப்பா இருக்கிறாரே என்பீர்கள். சிக்கலே அந்த அப்பாதான்.

ஜெய்ராம் மூன்று வருஷம் அஸ்ஸாமில் ஜோர்ஹாட்டில், ஒரு தேயிலைக் கம்பெனி வேலையில் இருந்தான். பூஜைக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு ஒரு தடவை பெட்டியோடு வந்து பெட்டியோடு போய்விடுவான். ஏப்ரலில்தான் மாற்றல் கிடைத்து ஒரேயடியாகக் கல்கத்தாவுக்கு வந்தான். அடுத்த மாதம் நான்கு வயது முடியப்போகும் சஹானாவுக்கு அவன் இன்னும் பெட்டியோடு வந்த மனுஷன்தான். அவன் கையால் பால் குடிக்க மாட்டாள். தலை வார விடமாட்டாள். சட்டை மாற்றக் கிட்டே போனால் போதும், "நா! அம்மா கோர்பே!" என்று தெருவே கேட்கும்படி கத்துவாள். அம்மாதான் செய்யவேண்டுமாம். விளையாட்டுப் பள்ளியில் வங்காளிப் பிள்ளைகளோடு சேர்ந்து, அவளுக்குக் கோபம் வந்தால் வங்க மொழிதான் வரும்.

அந்தப் பள்ளியின் மிஸ்தான் மாதவியின் முகவரியைக் கொடுத்தாள். குழந்தைக்கு வைத்தியம் பார்க்கிற இடமில்லை அது. அப்பா அம்மாவுக்குச் சொல்லித்தருகிற இடம்.

"இந்த ஊர்ல கொழந்தைகளுக்கெல்லாம் டியூஷன்னு தெரியும். இப்ப அப்பனுக்கும் டியூஷனா?" என்றான் ஜெய்ராம். ஆனால் போனான். ஆசை இல்லாமலா போவான்?

மாதவி ஹவுராவில் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்த தமிழச்சி. ஐம்பது வயதிருக்கும். சிரித்தால் பல் டாக்டர் வரைக்கும் கேட்கும். ஊர் வழக்கப்படி எல்லோரும் அவளை மாதவிதி என்று அக்கா முறை சேர்த்துக் கூப்பிடுவார்கள். அவள் பாடம் ரொம்பச் சின்னது. தினம் ஐந்து நிமிடம் குழந்தையோடு தரையில் உட்கார்ந்து விளையாட வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் கேள்வி கேட்கக் கூடாது, இதைச் செய் அதைச் செய் என்று சொல்லக் கூடாது, தப்பைத் திருத்தக் கூடாது. குழந்தை என்ன செய்கிறதோ அதைப் பார்த்து, பார்த்ததை வாயால் சொன்னால் போதும். அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டு உள்ளே போன ஜெய்ராம், முதல் நாள் ஐந்து நிமிடத்தில் நாற்பத்தொரு கேள்வி கேட்டான். இது என்ன கலர், இது எத்தனை, இது வட்டமா சதுரமா, பசிக்கிறதா, அப்பா யாரு, அப்பாவைப் பிடிக்குமா. நாற்பத்தொன்றுக்கும் சஹானா கொடுத்த பதில் முதுகு.

"கேள்வியை எடுத்துட்டா எங்கிட்ட பேச்சே இல்ல, மாதவிதி" என்று வெளியே வந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

இன்றைக்கு நான்காவது வாரம். சஹானாவைக் கூட்டிக்கொண்டு ஜெய்ராம் முன்பே வந்து விளையாட்டு அறையில் உட்கார்ந்திருந்தான். குழந்தை மூலையில், அவன் நடுவில். இருவருக்கும் இடையே ஒரு லாரி போகலாம்.

மாதங்கி நேராக அந்த அறைக்குள் நுழையப் போனாள்.

"ஏய் ஏய், அங்க இல்ல. இங்க வாங்க" என்று மாதவி அவள் முழங்கையைப் பிடித்துப் பக்கத்து அறைக்கு இழுத்துப் போனாள். இரண்டு அறைக்கும் நடுவே பெரிய கண்ணாடி, அதன் ஓரத்தில் ஒரு கதவு. இங்கிருந்து பார்த்தால் உள்ளே நடப்பது எல்லாம் தெரியும். அங்கிருந்து பார்த்தால் தங்கள் முகம்தான் தெரியும். உள்ளே பேசுவது இங்கே ஒலிபெருக்கியில் வரும். மாதவி ஒலிவாங்கியில் சொல்வது ஜெய்ராம் காதில் மாட்டியிருக்கும் கருவியில் மட்டும் கேட்கும்.

"இன்னிக்கு நீங்க இந்தப் பக்கம். அதுக்கு முன்னால இதைக் கொஞ்சம் பாருங்க. நேத்து உங்க வீட்டுல எடுத்து அனுப்பின வீடியோ."

மாதங்கி கைப்பேசியைப் பார்த்தபடியே தலையாட்டினாள். நாலு நாற்பது. "மாதவிதி, எனக்கு ஆறு மணிக்குள்ள..."

"தெரியும். அஞ்சே நிமிஷம். ஜெய்ராம் எத்தனை கேள்வி கேக்குறாருன்னு எண்ணுங்க."

மாதங்கி எண்ணினாள். திரையில் ஜெய்ராம் கூடத்துத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். "நீ வண்டியை நேரா வெச்சிருக்கே... இன்னொண்ணு வெக்கறே..." என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவன் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு கேள்வி. இரண்டு. ஐந்து நிமிடத்தில் மூன்றே மூன்று! மாதங்கிக்குப் பெருமை தாங்கவில்லை.

"மூணு! நாப்பத்தொண்ணுலேர்ந்து மூணு! பாத்தேளா?"

"பாத்தேன். இப்ப இன்னொரு தடவை போடறேன். இந்தத் தடவை அவரை விடுங்க. சமையல்கட்டுலேர்ந்து வருதே ஒரு குரல், அதை எண்ணுங்க."

மறுபடியும் ஓடியது. *ஜெய், அவ பக்கத்துல போகாதே, தள்ளி உக்காரு.* ஒன்று. *அந்த வண்டி வேண்டாம், சிவப்பு குடு.* இரண்டு. *ஏன் மெல்ல பேசறே, அவளுக்குக் கேக்காது.* *மூக்கைத் துடை அவளுக்கு.* *அப்படி இல்ல ஜெய்.* *விடு, நான் வந்து பாத்துக்கறேன்.* குக்கர் விசில் அடிக்கிறது, அதற்கு மேலும் அந்தக் குரல். கடைசியில் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தபடி அந்தக் குரலுக்கு உடையவளே வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறாள். ஜெய்ராம் காலி தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

இருபத்தேழு.

மாதங்கியின் காது சூடேறிவிட்டது. "நான்... உதவிதானே பண்ணேன்" என்றாள்.

"உதவிதான். யாரு இல்லைன்னா? மூணு வருஷம் ஒத்தையா வளத்திருக்கீங்க, உங்களுக்குத் தெரியாதது என்ன? ஆனா பாருங்க, அவரு கையால எது செஞ்சாலும் அது தப்புன்னு இருபத்தேழு தடவை அந்தப் பிள்ளை காதுல விழுந்திருக்கு. அப்புறம் அது எப்படி அந்தக் கையை நம்பும், சொல்லுங்க?"

திட்டியிருந்தால் மாதங்கி சண்டை போட்டிருப்பாள். மாதவி முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள், அதுதான் கஷ்டமாகப் போயிற்று.

"சரி, நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணக் கூடாது. அதான் பாடம். பத்து நிமிஷம். உள்ள என்ன நடந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது."

"இவ்வளவுதானா?"

மாதவி ஒரு சிரிப்புச் சிரித்தாள். ஜெய்ராமும் முதல் நாள் அப்படித்தான் நினைத்தான்.

ஒலிபெருக்கி உயிர்பெற்றது. சஹானா மூலையில் மரக்கட்டைகளை வரிசையாக ஒட்டி வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ கட்டையெல்லாம் நீளமா அடுக்கறே" என்றான் ஜெய்ராம்.

அவள் இன்னொரு கட்டையை ஒட்டி வைத்தாள்.

"பச்சைக்குப் பின்னால மஞ்சள்."

"கட்டை இல்ல" என்று தரையைப் பார்த்தபடி சஹானா சொன்னாள். "மெட்ரோ."

மாதங்கி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். பதில் சொல்கிறாள்! கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறாள்!

"ஓ, இது மெட்ரோ" என்றான் ஜெய்ராம். மாதவி ஒலிவாங்கியில் "சபாஷ்" என்று ஒரே சொல் சொன்னாள். கட்டைகள் நகர்ந்தன. ஜோக்கா ஸ்டேஷன் வந்தது. டாக்கூர்புக்கூர் வந்தது. பெஹாலா சௌராஸ்தா வந்ததும் சஹானா நிமிர்ந்தாள், சுற்றிலும் பார்த்தாள். அது அவர்கள் வீட்டு ஸ்டேஷன். வீடு என்றதும் அம்மா ஞாபகம் வந்துவிட்டது போலும்.

"அம்மா கோய்? அம்மா எங்க?"

எழுந்து ஓடிவந்து கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். "அம்மா! அம்மா!"

மாதங்கியின் கை தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது. எப்போது எழுந்தாள், எப்போது நடந்தாள், அவளுக்கே தெரியாது.

"இருபது வரைக்கும் எண்ணுங்க" என்றாள் மாதவி. "இருபதுக்கு அப்புறம் நானே தொறந்து விடறேன்."

ஒன்று. இரண்டு. கதவு அதிர்ந்தது. மூன்று. அழாதே என்று சொல், ஜெய். இல்லை, சொல்லாதே. தூக்கிக்கோ. ஐயோ, தூக்காதே, இன்னும் கத்துவாள். தண்ணீர் கொடு. ஆறு. ஏழு. இத்தனையும் தொண்டை வரைக்கும் வந்து நின்றன. மாதங்கி உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டாள்.

ஜெய்ராம் தூக்கவில்லை. மெல்ல நகர்ந்து வந்து கதவோரம், ஒரு முழம் தள்ளித் தரையில் உட்கார்ந்தான்.

"உனக்கு அம்மா வேணும்" என்றான்.

"வேணும்!"

"கதவு சாத்தியிருக்கு. ரொம்பக் கோவம்."

"ரொம்ப!"

"ரொம்ப ரொம்பக் கோவம்."

சஹானா கதவை உதைத்தாள். "கால்ல கூடக் கோவம்" என்றான் அவன். அவள் இன்னொரு உதை விட்டாள். ஆனால் அது முந்தினதைவிடச் சின்ன உதை. பதினான்கு. பதினைந்து. விசும்பல் நின்று நின்று வந்தது. ஜெய்ராம் கட்டைகளிடம் தவழ்ந்து போனான். மெட்ரோவைத் தானே தள்ளினான்.

"சௌராஸ்தா தாண்டிப் போறது. தாராதலா போறது. மாஜேர்ஹாட் போறது. மாஜேர்ஹாட் தாண்டி நேரா ஹவுரா போறது..."

மாதங்கிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஹவுராவா? இந்த வண்டி மாஜேர்ஹாட்டோடு நின்றுவிடும் என்று பெஹாலாவில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். நடிக்கிறானா? இல்லை, அவனுக்கு நிஜமாகவே தெரியாது. இந்த ரயில் ஓட ஆரம்பித்தபோது அவன் ஜோர்ஹாட்டில் இருந்தான். வந்த பிறகும் யார் அவனைக் கூட்டிப் போனார்கள்? சஹானாவை மெட்ரோவில் கூட்டிப் போவது எப்போதும் அவள்தான்.

"ஹவுரா போகாது!" சஹானா கதவை விட்டுவிட்டுப் பாய்ந்து ஓடினாள். "போகவே போகாது! மாஜேர்ஹாட்ல எல்லாரும் எறங்கணும்!"

"எனக்குத் தெரியாது" என்றான் ஜெய்ராம். "நான் மெட்ரோல போனதே இல்ல."

சஹானாவுக்கு அழுகை மறந்தேபோயிற்று. மெட்ரோவில் போகாத பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்பது அவளுக்கு அப்படி ஒரு அதிசயம். "போனதே இல்லையா? ஒக்காரு இங்க. நீ பேசஞ்சர். கையை உள்ள வெச்சுக்கோ. மாஜேர்ஹாட் வந்துடுத்து, எறங்கு. எறங்குன்னு சொல்றேனே!"

ஜெய்ராம் இறங்கினான். ஏறச் சொன்னாள், ஏறினான். மறுபடி இறங்கச் சொன்னாள். பத்தொன்பதோடு எண்ணுவதை மறந்துபோன மாதங்கி கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள். மாதவி ஒலிவாங்கியை அணைத்தே வைத்துவிட்டாள். "இனிமே எனக்கு அங்க என்ன வேலை?"

கத்திக் கத்தித் தாகம் எடுத்திருக்க வேண்டும். சஹானா தண்ணீர்க் குப்பியை எடுத்து மூடியைத் திருகினாள். வரவில்லை. கதவைப் பார்த்தாள். ஜெய்ராமைப் பார்த்தாள். குப்பியை அவன் முன்னால் நீட்டினாள்.

"தொற."

அவன் பதற்றத்தில் ஓங்கித் திருகினான். மூடி பறந்தது, பாதித் தண்ணீர் குழந்தையின் கவுனில் கொட்டியது.

போச்சு! மாதங்கி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஈரத் துணி உடம்பில் பட்டால் அரை மணி நேரம் ஓயாது, அவள் அறியாததா? எல்லாம் போச்சு, புனேயும் போச்சு.

ஒலிபெருக்கியில் ஜெய்ராமின் குரல்: "தண்ணி கொட்டிடுத்து. உன் கவுன் நனைஞ்சுபோச்சு."

"மழை" என்றாள் சஹானா.

"மழை."

"மெட்ரோக்குள்ள மழை!"

"ஐயையோ, மெட்ரோக்குள்ள மழை!" என்று ஜெய்ராம் தலையில் கையை வைத்துக்கொள்ள, சஹானா சிரித்தாள் பாருங்கள், அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு, அந்தச் சிரிப்பை மாதங்கி தன்னோடு மட்டும்தான் அவள் சிரித்துக் கேட்டிருக்கிறாள். கண்ணைத் திறந்தாள். ஜெய்ராம் பையிலிருந்து மாற்றுக் கவுனை எடுத்துக்கொண்டிருந்தான். கேட்கவில்லை, கெஞ்சவில்லை. "நான் காஞ்ச கவுன் எடுக்கறேன்" என்று மட்டும் சொன்னான்.

சஹானா அவனெதிரே வந்து நின்றாள். இரண்டு கையையும் மேலே தூக்கினாள்.

"தூக்கிட்டா! மாதவிதி, கையைத் தூக்கிட்டா!"

அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தது எல்லாம் ஒரே கத்தலாக வந்துவிட்டது. மாதவி அவள் வாயைப் பொத்துவதற்குள் கீழே பல் டாக்டர் வீட்டு ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. நல்லவேளை, விளையாட்டு அறைச் சுவரும் கதவும் கனம். மாதங்கி மாதவியின் தோளைப் பிடித்துக் குலுக்கினாள், கண்ணைத் துடைத்தாள், கைப்பேசியை எடுத்தாள், அவசரத்தில் மூன்று தடவை தப்பாக அடித்து நான்காவது தடவை சரியாக அனுப்பினாள். *வருகிறேன்.* மணி ஐந்து பதினாறு.

கதவு திறந்து இருவரும் வந்தார்கள். கவுன் முன்பின்னாக மாறியிருந்தது. முதுகில் இருக்க வேண்டிய பொத்தான்களெல்லாம் மார்பில், அதிலும் ஒன்று தப்பிய வரிசை. மாதங்கியின் வாய் தானாகத் திறந்தது. மாதவி தொண்டையைச் செருமினாள். வாய் மூடிக்கொண்டது.

"என்ன?" என்றான் ஜெய்ராம், பயந்தவனாய்.

"ஒண்ணும் இல்ல. அழகா இருக்கு."

"அப்பா போட்டுவிட்டா" என்று சஹானா அறிவித்தாள். அதோடு விஷயம் முடிந்தது என்பது போல அவன் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்தாள். "வா, நெஜ மெட்ரோ காமிக்கறேன்."

"ஜெய், நான் ஞாயித்துக்கெழமை போறேன். மெயில் போட்டுட்டேன்."

"நெஜமாவா? அஞ்சு நாளா?" அவன் முகத்தில் சந்தோஷமும் பீதியும் ஒன்றாக ஏறின. "ஏய் இரு, பின்னல் எப்படிப் போடறது, ராத்திரி என்ன கதை சொல்லணும், அவளுக்கு எது..."

"அவகிட்டயே கேளு. இப்ப நிறைய கேள்வி கேக்கலாம். மாதவிதி ஒண்ணும் சொல்ல மாட்டா."

ஆனால் கேட்பதற்கு அவனுக்கு நேரம் எங்கே இருந்தது? சஹானா அவனை இழுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். பையும் ஈரக் கவுனும் குப்பியுமாக மாதங்கி பின்னாலேயே ஓடினாள். கீழே மழை விட்டபாடில்லை. ஒரே குடை, அதையும் அவர்கள் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்கள். மிட்டாய்க் கடை வாசலில் நின்று பார்த்த மாதங்கிக்கு முழங்கால் ஆழக் குட்டை ஒன்று அவர்களுக்கு நேரெதிரே தெரிந்தது. அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"ஜெய்! அந்தப் பக்கம் போகாதே! இந்தப் பக்கமா வா, ஓரமா!"

இருவரில் ஒருவரும் திரும்பவில்லை. குடைக்குள் ஏதோ மும்முரமான பேச்சு. "மெட்ரோ தண்ணிக்குள்ள போறது" என்று சஹானா கத்தினாள். "போறது, போறது!" என்று ஜெய்ராம் அதைவிட உரக்கக் கத்தினான். இருவருமாகக் குட்டைக்குள் இறங்கினார்கள்.