அத்தைக்கு விலை கிடையாது

ஜப்பானுக்குப் பூசணி ஏற்றும் கப்பல் போய்விட்டது. அங்கே வேறு நாட்டுப் பூசணி முந்திக்கொண்டதாம்; ஏற்றினவரை போதும் என்று விட்டார்கள். சாயங்காலம் வரை நிற்க வேண்டியது மதியமே கிளம்பிவிட்டது. லொபெட்டியின் வண்டி நிறையப் பூசணி. அதை விற்றுத்தான் புயல் மாதத்துக்குள் கூரைக்குத் தகரம் வாங்க வேண்டும்.

“சந்தைக்கு விடுங்க. இந்த ஊர்லயும் வாயும் வயிறும் இருக்குல்ல?” என்றாள் மனைவி கலொலைனே.

வாய் இருந்தது, வாங்கும் கைதான் இல்லை. டோங்காவில் இந்தப் பூசணியைப் பன்றிக்குப் போடுவார்கள்.

“என்னப்பா, என் பன்னிக்குப் பொறந்தநாளா?” என்று ஒருவன் சிரித்துவிட்டுப் போனான்.

ஏற்றுமதியும் உள்ளூர் விற்பனையும் சேர்ந்தால்தான் நாடு வளரும் என்றது பக்கத்துக் கடை ரேடியோ.

“மொதல்ல அவன ரெண்டு காய் வாங்கச் சொல்லு,” என்றான் லொபெட்டி.

வெயில் சாய்ந்தபோது ஓட்டல் சமையல்காரர் ஃபெலெட்டி வந்து காயைத் தட்டிப் பார்த்தார். “நாளைக்குப் பெரிய விருந்து. வெள்ளைக்காரங்களுக்கு சூப் வைக்கலாம். மொத்த வண்டியும் எடுத்துக்குறேன். குறைஞ்சா வேணாம்.”

லொபெட்டிக்கு மூச்சு வந்தது. அதற்குள் சாக்குகளோடு வந்துவிட்டாள், அவன் அப்பாவின் அக்கா சுலியானா. டோங்கா வழக்கப்படி, தம்பி பிள்ளை வீட்டில் அத்தை கை வைத்தது அத்தையுடையது. அதற்குமேல் பேச்சில்லை.

“டேய், பாதிரியார் விருந்துக்கு இறக்குடா.”

“அத்தை, இது வித்தாச்சு...”

“என் தம்பி தோட்டத்துல வெளஞ்சத எனக்கேவா விப்ப?”

“பாதி போதுமா?”

“பாதிரியாருக்கு என்ன பாதி வயிறா?”

ஃபெலெட்டி தோளைத் தட்டினார். “விடு தம்பி, எனக்கும் ஒரு அத்தை இருக்கா.” போய்விட்டார்.

“முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்று கலொலைனே பொருமினாள்.

“போன மாசம் உன் தம்பி மகன் வீட்டுல பாயைச் சுருட்டிட்டு வந்தியே, அவன் சொன்னானா?”



லொபெட்டி நேரே ஏற்றுமதிப் பூசணிக் கிடங்குக்குப் போய், அடுத்த வருஷ நடவுக்குப் பேர் கொடுத்தான். கிடங்குக்காரன் வியந்தான். “பட்டது போதாதா? ஊருக்குள்ள விக்கிற மாதிரி ஏதாவது போடேன்.”

“ஊருக்குள்ள எல்லாருக்கும் நான் சொந்தம்யா. ஜப்பான்ல எனக்கு அத்தை கிடையாது. எழுது.”