ஓட்டை போட்ட பூட்ஸ்

பேட்டைப் பள்ளிவாசலில் சானிட்டரி இன்ஸ்பெக்டர் முகம்மது சுல்தானுக்கு நல்ல பெயர். கவர்மெண்ட் உத்தியோகம், காக்கி உடுப்பு, காலில் பூட்ஸ். முன்வரிசையில் நிற்க வேண்டிய மனிதர். அப்படியிருந்தும் தொழுகைக்கு வந்தால் கடைசி வரிசையில், அதிலும் ஓரமாகப் போய் நின்றுகொள்வார். யாராவது கையைப் பிடித்து முன்னால் இழுத்தால், "இருக்கட்டுங்க, இங்கயே நிக்கிறேன்" என்பார். என்ன அடக்கம், என்ன அடக்கம் என்று ஊரே மெச்சியது.

அடக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவருக்குக் கால் நாறும். சுஜூதில் நெற்றியைத் தரையில் வைக்கும்போது பின்வரிசைக்காரரின் மூக்கு முன்வரிசைக்காரரின் குதிகாலுக்குப் பக்கத்தில் வந்துவிடும். கடைசி வரிசையில் நின்றால் பின்னால் யாரும் இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

அந்த ஓரத்தில் அவருக்குப் பக்கத்தில் தவறாமல் நிற்பவர் ஒருவர்தான். கருவாட்டு வியாபாரி ஹனீபா. கோட்டைப்பட்டினத்திலிருந்து கருவாடு வாங்கி வந்து கறம்பக்குடிச் சந்தையிலும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலும் கூடையில் சுமந்து விற்பவர். கூடையைப் பள்ளிக்கு வெளியே புளியமரத்தடியில் வைத்துவிட்டு வந்தாலும், மற்றவர்கள் அவரிடமிருந்து கொஞ்சம் நகர்ந்தே நிற்பார்கள். இன்ஸ்பெக்டர் நகரமாட்டார். அதையும் ஊர் அடக்கத்தில்தான் சேர்த்துக்கொண்டது.

இன்ஸ்பெக்டரின் கால் வாடை பூட்ஸால் வந்தது. சாக்கடை, கறிக்கடை, சந்தை என்று காலையிலிருந்து வெயிலில் சுற்றுவார். நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் ஓடிவந்து, தொட்டித் தண்ணீரில் கைமுகம் கழுவி ஒளு செய்து, காலையும் கழுவுவார். தொழுகை முடிந்ததும் துடைக்கக்கூடப் பொறுமையில்லாமல் ஈரக்காலை அப்படியே சாக்ஸில் திணித்துப் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். கால் உள்ளேயே வெந்தது. விரலிடுக்கெல்லாம் வெளுத்து வெடித்து, கழுவினாலும் போகாத ஒரு வாடை குடியேறிவிட்டது. மஞ்சள் பூசினார், ஆஸ்பத்திரியில் பவுடர் வாங்கிப் போட்டார். மறுபடியும் அதே பூட்ஸுக்குள் கால் போனால் பவுடர் என்ன செய்யும்?

செருப்புப் போட்டுக்கொண்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். ஒருநாள் போட்டுப் பார்த்தார். கறிக்கடைக்காரர் உட்கார்ந்தபடியே பதில் சொன்னார். மறுநாளே பூட்ஸுக்குத் திரும்பிவிட்டார்.

அவர் மனைவி ஹமீதா பானு பூட்ஸை வீட்டுக்குள் விடமாட்டார். கிணற்றடிச் சுவர்மேல்தான் அதற்கு இடம். "ஊர்ச் சாக்கடையெல்லாம் மோந்து பாத்துட்டு வாரீங்க. ஒங்க காலை மோந்து பாக்க ஒரு இன்ஸ்பெக்டர் இல்லையே" என்பார். சுல்தான் சிரிக்கமாட்டார். உள்ளூர வெந்துகொண்டே சாப்பிட உட்காருவார்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை. வெளியே விடாத மழை. தாழ்வாரத்தில் நிற்பவர்களும் உள்ளே நெருக்கியடித்து வந்ததில் சுல்தான் நடு வரிசையில் மாட்டிக்கொண்டார். ஜன்னல்களையும் அடைத்திருந்தார்கள். ஜும்மா தொழுகை முடிவதற்குள் பாதிப் பள்ளி மூக்கைச் சுளித்துவிட்டது.

தொழுகை முடிந்ததும் முத்தவல்லி ஹாஜா முகைதீன் எழுந்தார். அரிசி மில் முதலாளி, பள்ளிவாசல் நிர்வாகம் அவர் கையில். "கொஞ்ச நாளாவே இருக்கு. இன்னைக்குத் தாங்க முடியல. சுல்தான் தம்பி, ஒங்களுக்குத்தான் இதுல அனுபவம். எங்கேருந்து வருதுன்னு பாருங்க" என்றார்.

என்ன செய்வார் பாவி மனிதர்? பார்ப்பதுபோல் நடந்தார். தொட்டிக்குப் பின்னால் போய்த் தண்ணீர் போகும் மடையை எட்டிப் பார்த்தார். தூண் மறைவுகளில் குனிந்து பார்த்தார். அவர் போன இடமெல்லாம் வாடையும் கூடவே போனது. "இங்கிட்டுத்தான்", "இல்ல, அங்கிட்டு" என்று ஆளாளுக்குக் கைகாட்டினார்கள். கடைசியில் வெளியே போய்விடலாம் என்று வாசல் பக்கம் வந்தார். அங்கே ஹனீபா நின்றிருந்தார். இன்ஸ்பெக்டர் அவரருகில் போனதும் வாடையும் அங்கே வந்தது.

"கருவாடு" என்று யாரோ சொன்னார்கள்.

முத்தவல்லி சுல்தானைப் பார்த்தார். "அப்படித்தானா தம்பி?"

எல்லா முகமும் தன்மேல் இருந்தது. 'இல்லை' என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று சுல்தானுக்குத் தெரியும். "இருக்கலாம்" என்றார்.

ஹனீபா ஒரு தடவை அவரைப் பார்த்தார். பிறகு முத்தவல்லியிடம், "குளிச்சு வேட்டி மாத்திட்டுத்தாங்க வந்தேன்" என்றார்.

"ஒன் யாவாரத்தைக் கொறை சொல்லல ஹனீபா. அது ஒடம்புல ஊறிப் போயிருக்கு. இத்தனை பேரு கூடுற எடம் பாரு. யாவாரம் இல்லாத நாளா வந்துக்க" என்றார் முத்தவல்லி. அவர் கெட்டவர் இல்லை. இன்ஸ்பெக்டரே சொன்ன பிறகு அவர் வேறு என்ன சொல்வார்?

வியாபாரம் இல்லாத நாள் என்று ஹனீபாவுக்கு எது? அதோடு அவர் பேட்டைப் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டார். இந்த ஊரிலேயே பிறந்தவர், ஜும்மாவுக்குக் கறம்பக்குடிக்கு நடந்து போனார்.

சுல்தானுக்குச் சோறு இறங்கவில்லை. எதிரே கருவாட்டுக் கூடை தெரிந்தால் சைக்கிளைச் சந்துக்குள் திருப்பினார். 'இருக்கலாம்' என்றுதானே சொன்னோம், 'ஆமாம்' என்று சொல்லவில்லையே என்று தனக்குத்தானே வக்கீல் வேலை பார்த்தார். அந்த வழக்கு அவரிடமே தோற்றுப் போனது. அசிங்கமாக இருந்தது அவருக்கு. இதற்கு மருந்து, போய் உண்மையைச் சொல்வதுதான். ஆனால் அதைவிடப் பூட்ஸைத் திருத்துவது சுலபமாகத் தோன்றியது. வாடையே இல்லாமல் செய்துவிட்டால் ஊர் மறந்துவிடும், ஹனீபாவும் திரும்பி வந்துவிடுவார் என்று கணக்குப் போட்டார்.

பஸ் நிற்குமிடத்தில் பூவரச மரத்தடியில் அய்யாக்கண்ணு செருப்புத் தைத்துக்கொண்டிருப்பார். அவரிடம் பூட்ஸைக் கொடுத்து, விரல்களுக்கு மேலே வரிசையாக ஓட்டை போடச் சொன்னார்.

"ஓட்டையை அடைக்கத்தான் எங்கிட்ட வருவாக. போடச் சொல்லி ஒருத்தரும் வந்ததில்லைங்க" என்றார் அய்யாக்கண்ணு. போட்டுக் கொடுத்தார்.

பலனில்லை. ஓட்டை வழியாகப் புழுதியும் சாக்கடைத் தண்ணீரும் உள்ளே போயின. காற்று மட்டும் போகவில்லை. கால் முன்போலவே வெந்தது. அடுத்து ஓட்டையைப் பெரிதாக்கினார். பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்ததுதான் மிச்சம்.

ஒரு நாள் ஆலங்குடி ரோட்டில் புதிதாகக் கட்டும் வீட்டைப் பார்வையிடப் போனார். "ஒரு சன்னல் வச்சாக் காத்து வராதுங்க. எதுத்தாப்புல இன்னொண்ணு வைக்கணும். உள்ள வர்றது வெளிய போக வழி வேணும்ல?" என்று வீட்டுக்காரரிடம் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிக்கொண்டிருந்தவர், பாதியில் நிறுத்தித் தன் காலைப் பார்த்தார். வீட்டுக்காரர் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று பயந்துபோனார்.

பழைய ஓட்டைகளுக்குமேல் தோல் வைத்துத் தைக்கச் சொன்னார். புது ஓட்டைகளைப் பாதத்தின் உட்புற வளைவில், சேறு தெறிக்காத இடத்தில் போடச் சொன்னார். எதிர் ஜன்னலாகக் குதிகாலுக்குமேல் பின்பக்கம் இன்னும் சில. ஆனால் உள்ளங்கால் பூட்ஸின் அடித்தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தால் காற்று எந்த வழியாகப் போகும்? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். கோரைப் பாயில் காலளவுக்கு வெட்டி, அடியில் இரண்டு தோல் பட்டைகளைக் குறுக்கே தைத்து உள்ளே போட்டார். பாய் சற்றுத் தூக்கி நின்றது. குதிகாலை ஊன்றினால் அடியிலிருந்த காற்று பின்னால் வெளியேறியது, எடுத்தால் பக்கவாட்டில் புதுக்காற்று உள்ளே வந்தது. நடக்க நடக்கப் பூட்ஸ் மூச்சுவிட்டது.

பாய் ஹமீதா பானுவுடையது. ஓரத்தில் இரண்டு பாத அளவுக்கு ஓட்டையைப் பார்த்துவிட்டு, "ஏங்க, பாய்லேருந்து யாரு எந்திரிச்சு நடந்து போனது?" என்று கேட்டார். வெகுநாளைக்குப் பிறகு சுல்தான் சிரித்தார்.

காலைத் துடைத்துவிட்டுப் போடவும் பழகிக்கொண்டார். மாசி பிறப்பதற்குள் விரலிடுக்குப் புண் ஆறி, வாடை அடியோடு போய்விட்டது. பூட்ஸ் வீட்டுக்குள் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை துணிந்து இரண்டாம் வரிசையில் நின்றார். பின்னால் ஒரு செருமல் இல்லை. மனம் லேசானது.

வெளியே வரும்போது முத்தவல்லி அவர் தோளில் தட்டினார். "பாத்தீங்களா, ஹனீபா வர்றது நின்னதும் வாடையும் நின்னு போச்சு. தம்பி மூக்குன்னா மூக்குதான்" என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

சுல்தானுக்கு அப்போதுதான் உறைத்தது. அதுவரை ஹனீபாமேல் இருந்தது சந்தேகம். இவர் இத்தனை பாடுபட்டு அதைத் தீர்ப்பாக்கிவிட்டார். மூளையைக் கசக்கிப் போட்ட ஒவ்வொரு ஓட்டையும் அந்த மனிதனுக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

மறுநாளே அரிசி மில்லுக்குப் போனார். "மாமு, அது ஹனீபா அண்ணன் இல்ல. என் காலு வாடை" என்றார்.

முத்தவல்லி நெகிழ்ந்துவிட்டார். "இப்படி ஒரு மனசு யாருக்கு வரும் தம்பி?"

"மனசு இல்ல மாமு, நெசமாவே என் காலு." பூட்ஸைக் கழற்றிக் காட்டினார். ஓட்டைகளைக் காட்டினார், பாயைக் காட்டினார், காற்று வரும் வழியையும் போகும் வழியையும் விளக்கினார். முத்தவல்லி பூட்ஸை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார்.

"கோரைப்புல்லு வாசம்தான் வருது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

சாயங்காலத்துக்குள் செய்தி ஊரைச் சுற்றியது. ஓர் ஏழை வியாபாரியின் மானத்தைக் காப்பாற்ற இன்ஸ்பெக்டர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாராம். பார்த்தவர்களெல்லாம் எழுந்து நின்று சலாம் சொன்னார்கள். கறிக்கடைக்காரர் கண் கலங்கினார். ஒவ்வொரு சலாமுக்கும் சுல்தான் கூனிக் குறுகினார். கெட்ட பெயரைக் கேட்டுப் போனாலும் கொடுக்கமாட்டேன் என்கிறார்களே என்று இருந்தது.

நேரே அய்யாக்கண்ணுவிடம் போனார். "எல்லா ஓட்டையையும் அடச்சுக் குடு" என்றார். அய்யாக்கண்ணு பூட்ஸைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், ஊசியை எடுத்தார்.

பாயை உருவி எறிந்துவிட்டு, ஈரக்காலைச் சாக்ஸில் திணித்துக்கொண்டு பங்குனி வெயிலில் சுற்றினார். அந்த நாட்களில் பள்ளிக்குப் போகவில்லை. வெங்காய வாடையோடுகூடப் பள்ளிக்குள் வரக்கூடாது என்று மார்க்கத்தில் இருக்கிறது. தெரிந்தே இந்தக் காலோடு போவதா? வீட்டில் தனியாகத் தொழுதுகொண்டார். ஹமீதா பானு பூட்ஸை மறுபடி கிணற்றடிக்கு விரட்டிவிட்டு, "ஒங்களுக்கு என்ன வந்துச்சு? நல்லாயிருந்த காலை ஏன் கெடுக்குறீங்க?" என்று பிடித்துக்கொண்டார். அப்போதுதான் முதல்முறையாக எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னார். ஹமீதா பானு எழுந்து போய்ப் பூட்ஸை மோந்து பார்த்தார். திரும்பி வந்து, "இது பத்தாது. அடுத்த வெள்ளி வரைக்கும் போடுங்க" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரம், சுல்தான் பள்ளிவாசல் கேட்டுக்கு வெளியே ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருந்தார். முத்தவல்லி வந்ததும், "மாமு, ஒரு நிமிசம்" என்றார். கூட்டமும் நின்றது. கயிற்றை அவிழ்த்துப் பூட்ஸைக் கழற்றினார். சாக்ஸை உருவினார். முன்னால் நின்றவர்கள் பின்னால் நகர்ந்தார்கள்.

"இதுதானே மாமு?"

முத்தவல்லி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பிறகு, "இதுதான்" என்றார்.

"குளிச்சுட்டு வந்தேன்னு அன்னைக்கு ஹனீபா அண்ணன் சொன்னாரு. கேட்டுக்கிட்டுத்தான் நின்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று சுல்தானுக்கு இருந்தது. கூட்டம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கலைந்தது. முத்தவல்லிக்கும் முகம் செத்துவிட்டது. "வாங்க, போவோம்" என்று முன்னால் நடந்தார். சுல்தான் பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு பின்னால் போனார்.

ஹனீபா அப்போதுதான் கறம்பக்குடியிலிருந்து திரும்பி, வாசலில் சாக்கை விரித்துக் கருவாட்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். இருவரையும் கண்டதும் எழுந்து நின்றார். முத்தவல்லி நடந்ததைச் சொல்லி, "மனசுல வச்சுக்காத ஹனீபா. தப்பு எங்க மேலதான்" என்றார்.

"ஒங்களுக்குத் தெரியாதுங்க. நீங்க என்ன செய்வீங்க?" என்றார் ஹனீபா. "வர்ற வெள்ளிக்கெழம வாரேன்."

பிறகு சுல்தான் பக்கம் திரும்பினார்.

"ஒங்க பக்கத்துல ரெண்டு வருசம் நின்னவன் சார். எனக்குத் தெரியாதா? எல்லாரும் நகந்து நிப்பாக, நீங்க நின்னீங்க. என் வாடையை ஒரு நாளும் சொல்லல. நானும் ஒங்க வாடையைச் சொல்லல. அதைச் சிநேகிதம்னு நெனச்சுட்டேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்து கருவாட்டைப் பிரிக்கத் தொடங்கினார். சுல்தான் தலை குனிந்தார். குனிந்த இடத்தில் அவர் கால்கள்தான் தெரிந்தன.