மெழுகில் பதிந்த சாவி

கூடத்தில் அன்று நான்கு பேர் இருந்தார்கள். பழைய சாமான் வியாபாரி கார்த்திகேய சிவம் நாற்காலியில். எதிரே தரையில், விரித்த சாக்கின் ஓரம் சந்திரலேகா. அவள் தம்பி வேல்பாண்டி வாசற்படியில், செல்போனும் கையுமாக. அவன் மனைவி கீர்த்தி நிறைமாத வயிற்றோடு சுவரில் சாய்ந்து. சாக்கின் மேல் அப்பாவின் தகரப்பெட்டி திறந்து கிடந்தது. அவர் பூட்டு வேலைக்காரர். போய்ச் சேர்ந்து வருஷம் ஒன்றாகிறது.

"பேரும் உபயோகமும் சொல்லுங்கம்மா. இல்லாட்டி எங்கிட்ட வாங்க வர்றவுக பழைய இரும்புன்னு சொல்லிட்டுப் போயிருவாக" என்றார் சிவம்.

அப்பாவுக்கு எடுபிடியாக வளர்ந்தவள் சந்திரலேகா. ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"இது கை வைஸு, சாவிய இறுக்கிப் பிடிக்க. இது பஞ்ச் உளி, ஓட்டை போடுற எடத்துல மொதல்ல புள்ளி குத்துறது. வட்ட அரம், ஓட்டையப் பெருசாக்க."

"என் சீரைக்கூட எங்கம்மா இம்புட்டு வெவரமாச் சொல்லல மதினி" என்று சிரித்தாள் கீர்த்தி.

அடுத்து வந்தது முப்பட்டை அரம், சாவிப் பல் ராவுவது. அதன் வரிகளில் பித்தளைத் தூள் மஞ்சளாக மின்னியது. வேலை முடிந்தால் அரத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்யாமல் அப்பா படுக்கப் போனதில்லை. ஒரு வருஷத்துத் தூள் என்றால் கறுத்திருக்க வேண்டாமா?

அதன் அடியில் அந்த இரட்டைத் தகர டப்பா. சாவியை மெழுகில் அமுக்கி அச்சு எடுப்பது. புதுச்சாவியைக் கொடுத்த கையோடு, வீட்டுக்காரர் கண் முன்னாலேயே மெழுகை உருக்கிவிடுவார் அப்பா. திறந்தாள். உள்ளே கடையில் விற்கும் மெழுகுவர்த்தியின் மெழுகு, அதில் ஒரு சாவியின் அச்சு. நடுப்பல்லில் சிலுவை வெட்டு. கண்டரமாணிக்கத்துப் பெரிய வீட்டு முன்கதவுச் சாவி! அந்தப் பூட்டு அப்பாவிடம் பழுதுக்கு வரும்போது எத்தனை தடவை எண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறாள். அந்த வீட்டார் சென்னையிலிருந்து வந்தால் கார் ஓட்டுகிறவன் வேல்பாண்டிதான்.

"அது என்னம்மா?" என்று கேட்டார் சிவம்.

வாசற்படியில் செல்போனைத் தள்ளிக்கொண்டிருந்த விரல் நின்றது.

"ஈயம் ஊத்துற அச்சு. இது விக்கிறதுக்கில்ல." பட்டென்று மூடினாள்.

சிவம் போனதும் கீர்த்தி டீ போட உள்ளே போனாள். வேல்பாண்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நீ ஒண்ணும் பாக்கலக்கா."

"சாவி எங்கடா?"

"குடுத்துட்டேன். வாங்குனவய்ங்க மோசமானவய்ங்க. இனி வேணாம்னாலும் விடமாட்டாய்ங்க. அந்த வீட்டுக் கல்யாண வெள்ளிச் சாமானெல்லாம் வந்து எறங்கட்டும்னு இருக்காய்ங்க."

"காவக்கார சின்னக்கண்ணு அய்யா கதவோரந்தானடா படுத்திருப்பாக?"

அவன் செல்போனைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வாயத் தொறந்தீன்னா மொத வெட்டு எனக்குத்தான்" என்று அடுப்படிப் பக்கம் கண்ணைக் காட்டினான். "அவள நெனச்சுக்க."

மறுநாள் ரேஷன் கடைக்கு என்று சொல்லிவிட்டுத் தபாலாபீஸ் போனாள். கல்யாணப் பத்திரிகையில் பெரிய வீட்டு ஆச்சியின் சென்னை விலாசத்தோடு போன் நம்பரும் இருந்தது. போன் செய்தால் ஆச்சி, "யாரு, லேகாவா?" என்பார். அடுத்து, "யாருடி செஞ்சது?" என்பார். காகிதம் கேள்வி கேட்காது.

'முன்கதவுப் பூட்டை உடனே மாற்றவும். மாற்றும் வரை சின்னக்கண்ணு அய்யாவைத் தனியே படுக்க விட வேண்டாம்.' அவ்வளவுதான் எழுதினாள். பெயர் போடவில்லை. கவரை ஒட்டிக் கவுண்டரில் நீட்டினாள்.

"அனுப்புறவுக பேரு, விலாசம், போன் நம்பர் எங்கம்மா? அது இல்லாம ஸ்பீடு போஸ்ட் எடுக்க முடியாது."

வெளியே சிவப்புப் பெட்டி இருந்தது. பெயரே இல்லாமல் போடலாம். என்றைக்குப் போய்ச் சேரும்? மொட்டைக் கடிதம் என்று கிழித்துப் போட்டுவிட்டால்? வாசலில் பைக் ஒன்று வந்து நின்றது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கீர்த்தியின் வயிறு கண்ணுக்குள் வந்தது. கதவோரம் துண்டை விரித்து முடங்கிக் கிடக்கும் கிழவரும் வந்தார்.

கவர் மேல் சந்திரலேகா என்று எழுதினாள். அதன் கீழ் விலாசத்தையும் நம்பரையும் எழுதினாள்.

கவுண்டர்க்காரர் ஸ்டிக்கரை ஒட்டி, முத்திரை குத்தி, கவரைப் பின்னாலிருந்த சாக்குக்குள் போட்டார்.